எட்டாவது அளவுகோல்

அம்மாவுக்கு முதன்முதலாக மனம் பிறழ்ந்தபோது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. அந்த வயதை நான் நெருங்க நெருங்க, யாரிடமும் சொல்லாத ஒரு பயம் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு பொருளை வைத்த இடம் மறந்தால், யாராவது கூப்பிட்டது காதில் விழாமல் போனால், காரணமில்லாமல் அழுகை வந்தால், இதுதான் ஆரம்பமோ என்று கேட்டுக்கொள்வேன்.

அவளுக்கு வந்த நோயை எங்கள் ஊரில் யாரும் பெயர் சொல்லிப் பேசியதில்லை. பென்னாகரத்துக்கு அப்பால், காட்டை ஒட்டிய ஊர். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் ஒரு மத்தியானம், வெளியே விளையாடிவிட்டுத் தண்ணீர் குடிக்க ஓடி வந்தேன். வாசலெல்லாம் ஈரம். குடத்திலும் அண்டாவிலும் இருந்த தண்ணீரையெல்லாம் அம்மா தெருவில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"குடிக்காத பாப்பா, கலந்துட்டாங்க" என்றாள்.

"யாரும்மா?"

அவள் வேலிப் பக்கம் பார்த்தாள். "அதோ சொல்றாங்களே, கேக்கலையா உனக்கு?"

வேலியில் ஒரு ஓணான்கூட இல்லை. என்னை உள்ளே இழுத்துப் போய், கதவைச் சாத்தித் தாழ் போட்டு, மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். காட்டு வேலைக்குப் போயிருந்த அப்பா திரும்பி வந்து கதவை உடைக்கும்வரை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள நான் அவள் மடியிலேயே கிடந்தேன். அவள் அடிக்கவில்லை, திட்டவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்தக் கை அவ்வளவு மென்மையாக இருந்ததுதான் இன்றைக்கும் என்னைப் பயமுறுத்துகிறது.

மந்திரிப்பும் கோயிலும் முடிந்து கடைசியில் மாத்திரைக்கு வந்தார்கள். மாத்திரைக்கு நோய் அடங்கியது. அப்பா இறந்த பிறகு அம்மா ஊரில் என் தம்பியோடு இருக்கிறாள். சமைக்கிறாள், ஆடு பார்த்துக்கொள்கிறாள், வருகிறவர்களோடு நன்றாகவே பேசுகிறாள். ஆனாலும் ஊரில் என்னை அடையாளம் சொல்லும்போது யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்துவார்கள்.

நான் நர்சிங் படித்து, தருமபுரியில் வாழ்க்கைப்பட்டு, ஆம்புலன்சில் வேலைக்குச் சேர்ந்தேன். ஓட்டுநர் முன்னால் இருப்பார். பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து, மருத்துவமனை போய்ச் சேரும்வரை மூச்சையும் நாடியையும் பிடித்து வைத்திருப்பது என் வேலை. எங்கள் வண்டி நின்றது தொப்பூர் கணவாய்க்கு அருகில். சேலத்துக்கு இறங்கும் அந்தச் சரிவில் பாரம் ஏற்றிய லாரிக்குப் பிரேக் போனால், முன்னால் போகிற வண்டிகளையெல்லாம் அது தள்ளிக்கொண்டே போய்த்தான் நிற்கும். அந்த வேலைக்கு நான் பயந்ததில்லை. அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்துப் பயப்பட அங்கே நேரம் இருக்காது.

ஒரு முற்பகலில் அப்படி ஒரு லாரி ஒரு காரை இடித்துவிட்டது. காரை ஓட்டி வந்தவனுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். வண்டியில் ஏற்றும்போது நாடி இருந்தது. மேடு ஏறிக்கொண்டிருக்கும்போது நின்றுவிட்டது. இரண்டு கைகளாலும் அவன் நெஞ்சை அழுத்தத் தொடங்கினேன். அப்போதுதான் அவன் சட்டைப் பையிலிருந்த போன் அடித்தது. பாட்டெல்லாம் இல்லை, எல்லாப் போன்களிலும் வருகிற சாதாரண மணி. என் கைகளுக்குச் சற்றே மேலே, மெல்லிய துணிக்குள் வெளிச்சம் தெரிந்தது. 'அம்மா' என்று எழுத்து. கையை எடுக்க முடியாது. எடுத்தால் அவ்வளவுதான். மணி நின்றது, மறுபடி அடித்தது, மறுபடி நின்றது. மருத்துவமனை வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கி, உள்ளே மருத்துவர் உயிர் இல்லை என்று தலையசைத்தபோதும் அது அடித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நான் அழவில்லை. வண்டியைக் கழுவினோம், டீ குடித்தோம், அடுத்த அழைப்புக்குப் போனோம்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலை, வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்த மணி கேட்டது. கணவரின் போன் என்று நினைத்து, "ஏங்க, போன் அடிக்குது பாருங்க" என்றேன். அவர் உரக்கடையில் வேலை செய்கிறார், கிளம்பிக்கொண்டிருந்தார். "என்னுது இங்க சட்டையிலதான இருக்குது. அடிக்கலயே" என்றார். என் போன் சார்ஜரில் அமைதியாகக் கிடந்தது. பக்கத்து வீட்டில் அடித்திருக்கும் என்று சொல்லிச் சிரித்தேன்.

அதன் பிறகு அது வந்துகொண்டே இருந்தது. சப்பாத்தி மாவு பிசையும்போது வரும். மகளுக்குத் தலை தேய்த்துவிடும்போது வரும். ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்ப் போனைப் பார்ப்பேன். திரை இருட்டாக இருக்கும். ஒருமுறை சோப்பு நுரை கண்ணில் வழிய மகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அவள் "அம்மா, எரியுது" என்று கத்தியது எனக்குக் கேட்டது. மணியும் கேட்டது. எதை நம்புவது என்று ஒரு கணம் தெரியவில்லை.

வேலையிலும் வந்தது. ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு போகிறோம். தொடையில் ஆழமான வெட்டு, இரண்டு கையாலும் துணியை வைத்து அமுக்கிப் பிடித்திருக்கிறேன். மணி அடித்தது. "ஐயா, உங்க போனுங்க" என்றேன். அவர், "எங்கிட்ட ஏதும்மா போனு" என்று முனகினார். நான் விடவில்லை. "அண்ணா, வண்டியை நிறுத்துங்க, யாரோ போனை விட்டுட்டுப் போயிட்டாங்க, அடிச்சுக்கிட்டே இருக்குது" என்று முன்பக்கம் பார்த்துக் கத்தினேன். ஓட்டுநர் அண்ணன் நிறுத்தவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

பெரியவரை ஒப்படைத்துவிட்டு வந்த பிறகு, ஓட்டுநர் அண்ணன் வண்டிக் கதவில் சாய்ந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"போன் எதுவும் அடிக்கலம்மா."

"தெரியுதுண்ணா."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீ ஒருக்கா டாக்டரப் பார்த்துட்டு வந்துரு. நாளாக ஆக விட்டுறாத."

அன்று வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. என் அம்மாவைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் கட்டினார். ஆனால் மாமியார் என் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இவ எங்க பக்கம், முகத்தப் பாரு" என்று அடிக்கடி சொல்வார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் சொல்லாமல் விட்ட சொல் எனக்குக் கேட்கும். அதனால் விடுப்பு எடுத்துக்கொண்டு, துப்பட்டாவை முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, நகரத்திலேயே ஒரு சிறிய மனநல மருத்துவமனைக்குப் போனேன். ஆம்புலன்சில் பார்த்துப் பழகிய முகம் ஏதாவது எதிரே வந்துவிடுமோ என்று சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தேன்.

தூக்கமில்லை என்று மட்டும் சொன்னேன், மருத்துவர் கேட்டுக்கொண்டார். பிறகு, பக்கத்து அறையில் சைக்காலஜிஸ்ட் ஒரு பரீட்சை வைப்பார், அதை முடித்தால் தெளிவாகப் பேசலாம் என்றார். பரீட்சை என்ற சொல்லைக் கேட்டதுமே, இதில் எப்படியாவது பாஸாகிவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

சைக்காலஜிஸ்ட் மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும், முன்முடி மட்டும் சீக்கிரமே நரைத்திருந்தது. ஒரு தடித்த கேள்விப் புத்தகத்தையும் விடைத்தாளையும் கொடுத்தார். அதில் கேள்வி என்று எதுவும் இல்லை, வரிசையாக வாக்கியங்கள், ஐந்நூறுக்கும் மேலே. ஒவ்வொன்றும் நமக்குப் பொருந்துமா, பொருந்தாதா என்று குறிக்க வேண்டும். சில வாக்கியங்கள் சாதாரணமானவை: காலையில் எழும்போது உற்சாகமாக இருக்கிறேனா, தோட்ட வேலை பிடிக்குமா என்கிற மாதிரி. அவற்றின் நடுவே, காட்டுப் பாதையில் இலைக்கு அடியில் கிடக்கும் முள்போல ஒன்று வரும். மற்றவர்களுக்குக் கேட்காத சத்தம் எனக்குக் கேட்கிறது. பென்சில் அங்கே நின்றது. 'பொருந்தாது' என்று குறித்தேன். கோபம் வருமா? வராது. யாரைப் பற்றியாவது புறம் பேசியதுண்டா? இல்லவே இல்லை. சின்னப் பொய்கூடச் சொன்னதில்லையா? இல்லை. முடிக்கும்போது முதுகு நனைந்திருந்தது. ஆனால் நன்றாக எழுதிவிட்டேன் என்ற நினைப்பு இருந்தது.

அடுத்த முறை போனபோது மேடம் புன்னகைத்தார்.

"இந்தப் பேப்பரை நம்புனா, நீங்க இந்தப் பூமியில பொறந்தவங்களே இல்லீங்க."

எனக்குப் புரியவில்லை.

"இதுல எல்லா வாக்கியமும் நோயைப் பார்க்கறதுக்கு இல்லீங்க. சிலது, பதில் சொல்றவங்க எந்த மனசோட சொல்றாங்கன்னு பார்க்கறதுக்கு. கோபமே வராதுன்னு குறிச்சிருக்கீங்க. புறணியே பேசினதில்லைன்னு குறிச்சிருக்கீங்க. யாராலயும் அப்பிடி இருக்க முடியாது. அந்த அளவு இவ்வளவு மேல போனா, மத்த அளவு எதையும் நாங்க நம்பிப் படிக்க மாட்டோம்."

பிடிபட்டுவிட்டேன் என்று தோன்றியது. "பொய் சொன்னேன்னு எழுதுவீங்களா மேடம்?"

"பயந்திருக்காங்கன்னு எழுதுவேன்" என்றார். பிறகு, "எதுக்குப் பயப்படறீங்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் அம்மாவைச் சொன்னேன். கொட்டிய தண்ணீரையும், சாத்திய கதவையும் சொன்னேன். மணியையும் சொன்னேன். அந்தப் பையனைப் பற்றி ஒரே ஒரு வரி சொல்லிவிட்டுக் கடந்துவிட்டேன், அது வேலையில் நடந்தது, வியாதியோடு அதற்கென்ன என்று. மேடம் எதையும் எழுதிக்கொள்ளாமல் கேட்டார். இது பாஸ் ஃபெயில் சமாச்சாரம் இல்லை என்றும், எது உண்மையோ அதை மட்டும் குறிக்கும்படியும் சொல்லி, இன்னொரு நாள் வரச் சொன்னார்.

இரண்டாம் முறை உண்மையைக் குறித்தேன். அது இன்னும் பயங்கரமாக இருந்தது. ஒவ்வொரு 'பொருந்தும்' குறிக்கும்போதும் என் கையாலேயே என்னைக் காட்டிக்கொடுப்பதுபோல இருந்தது. சத்தம் கேட்கிறதா, ஆம். சுற்றி நடப்பது நிஜமல்ல என்று தோன்றுமா, ஆம். இறந்தவர்களோடு பேசியதுண்டா, ஆம். குடிக்கும் தண்ணீரில் ஏதோ கலந்திருப்பதாக நினைத்ததுண்டா? நெடுநேரம் யோசித்து அதற்கும் ஆம்.

மேடம் விடைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்த நேரத்தில் வார்டிலிருந்து யாரோ அவசரமாகக் கூப்பிட்டார்கள். திரையை அணைக்காமல் எழுந்து போனார். நான் எட்டிப் பார்த்தேன். ஒரு கட்டம், அதில் ஏறி இறங்கும் ஒரு கோடு. கீழே எண்கள். எட்டு என்ற எண்ணுக்கு மேலே கோடு செங்குத்தாக எழுந்து நின்றது. மற்ற எதுவும் அதன் உயரத்துக்கு வரவில்லை.

மேடம் திரும்பி வந்து, இதை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும், அடுத்த வாரம் பேசலாம் என்றார். "அதுக்குள்ள முடிஞ்சா அம்மாவுக்கு எப்பிடி ஆரம்பிச்சதுன்னு கேட்டுட்டு வாங்க" என்றார். தலையாட்டினேன். வெளியே வந்து, மருத்துவமனைச் சுவரோரம் நின்று, அந்தப் பரீட்சையின் பெயரையும் எட்டு என்பதையும் போனில் போட்டுத் தேடினேன். எட்டாவது அளவுகோலுக்கு ஒரு நோயின் பெயர் வைத்திருந்தார்கள். அம்மாவின் மருந்துச் சீட்டில் இருந்த அதே பெயர்.

டவுன் பஸ்ஸில் எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள். இவளுக்குத் தெரிந்துவிட்டதா என்று நினைத்தேன். நினைத்த உடனே, இப்படி நினைப்பதே அந்த நோய்தான் என்று இன்னொரு நினைப்பு வந்து அமர்ந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே கதவு.

அந்த வாரம் வீட்டில் என்னை நானே காவல் காத்தேன். காய் நறுக்கும் கத்தியைக் கணவர் இருக்கும்போது மட்டும் எடுத்தேன். மகளைக் குளிப்பாட்டும் வேலையை அவரிடம் கொடுத்துவிட்டேன். "கை வலிக்குதுங்க" என்றேன். ஒரு காலை, வழக்கம்போல முந்தின நாள் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குடத்தைக் கழுவப் போனேன். கவிழ்த்த குடத்திலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்த்ததும் குடத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். மகள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி நல்லாத்தான் இருக்குது பாப்பா, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லையே என்பது பிறகுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மா வீட்டு நிழலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்து கொட்டை எடுக்க ஆரம்பித்தேன். தம்பி வெளியே போயிருந்தான். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நேராகவே கேட்டுவிட்டேன்.

"அம்மா, உனக்கு அப்ப மொதமொதல்ல எப்பிடிம்மா கேட்டுச்சு?"

அவள் கை நிற்கவில்லை. "எதுக்கு இப்ப அது?"

"சும்மாதான் கேக்கறேன்."

"சும்மா யாரும் அதக் கேக்க மாட்டாங்க." இன்னும் இரண்டு புளியைத் தட்டினாள். "மணி சத்தம்தான். எங்கியோ தூரத்துல மணி அடிக்கற மாதிரி கேக்கும். வெளிய வந்து பார்த்தா ஒண்ணும் இருக்காது."

புளி என் விரலில் ஒட்டிக்கொண்டது. அதை எடுக்கத் தோன்றவில்லை.

"அப்பறம்?"

"அப்பறம் அந்த மணிக்குள்ள இருந்தே பேச ஆரம்பிச்சாங்க. நான் செய்யறத எல்லாம் சொல்லுவாங்க. இப்ப அடுப்பு பத்த வெக்கறா, இப்ப புள்ளைக்குத் தண்ணி மோந்து குடுக்கறான்னு. குடுத்தா புள்ள செத்துரும்னு சொன்னாங்க." அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். புளி தட்டும் தடி கீழே கிடந்தது. "பாப்பா, உனக்குக் கேக்குதா?"

"இல்லம்மா."

புளி ஒட்டிய கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "எங்கிட்ட இருந்து உனக்கு வந்துருச்சா? நெசத்தச் சொல்லு."

"இல்லன்னு சொல்றன்ல."

அவள் பிடியை விடவில்லை. அம்மா பயந்து நான் பார்த்திருக்கிறேன், அந்தக் கோடையில். ஆனால் அன்றைக்கு அவள் பயந்தது வேலிப் பக்கம் இருந்த யாருக்கோ. இப்போது என்னைப் பார்த்துப் பயந்தாள். மோர் குடித்துவிட்டுப் போ என்றாள். குடித்தேன். பஸ் வரும்வரை அவள் என்னோடு ரோட்டில் நின்றாள், வழக்கமாக அப்படி வர மாட்டாள்.

மறுநாள் மேடத்திடம் போனபோது நான் பேச்சை வளர்க்கவில்லை. "எட்டு ஏறியிருக்குதுன்னு பார்த்துட்டேன். அது என்னன்னும் பார்த்துட்டேன். அம்மாவுக்கும் மொதல்ல மணி சத்தம்தான் கேட்டுச்சாம். மாத்திரையை எழுதிக் குடுத்துருங்க, என் பொண்ண யார்கிட்ட விடறதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

அவர் முகம் மாறியது. "திரையை அப்பிடியே விட்டுட்டுப் போனது என் தப்புங்க. ஒரு வாரம் இதையா சுமந்துட்டு இருந்தீங்க?" என்றார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பேரு எப்பவோ வெச்சது. அந்த அளவு ஏறினா அந்த நோய்தான்னு அர்த்தம் இல்லீங்க. பெரிய அதிர்ச்சி பட்டவங்களுக்கு ஏறும். தூக்கமில்லாதவங்களுக்கு ஏறும். கோடு எவ்வளவு உயரம்னு மட்டும் பார்த்து நாங்க முடிவு சொல்றதில்ல. எந்த வாக்கியத்தால ஏறுச்சுன்னு ஒவ்வொண்ணா உட்கார்ந்து கேக்கணும். இப்ப கேக்கலாமா?"

கேட்டார். தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது என்று குறித்திருக்கிறீர்களே, யார் கலந்தது?

"யாரும் கலக்கலைங்க. எங்க ஊர் அடிபம்பு தண்ணியில புளோரைடு. என் பல்லப் பாருங்க." உதட்டை விலக்கிப் பழுப்புக் கோடுகளைக் காட்டினேன். அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

"ஒருத்தர் உடம்புக்குள்ள வேற சக்தி பூந்து பேசும்னு?"

"மாரியம்மன் பண்டிகைக்கு எங்க பெரியப்பாவுக்குச் சாமி வருங்க. ஊரே கும்பிடும்."

"செத்தவங்ககூடப் பேசறது?"

"ஆம்புலன்சுல சொந்தக்காரங்க பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க. நாடி நின்னாலும் நான் 'தோ வந்துட்டோம், தோ வந்துட்டோம்'னு சொல்லிட்டேதான் வருவேன். வேற என்ன பண்றது."

ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அந்த உயரமான கோடு என் வேலையிலிருந்தும் ஊரிலிருந்தும் எடுத்துக் கட்டியதுபோல ஆனது. ஆனால் என் பயம் இறங்கவில்லை. மணி இருந்ததே. நான் அதையே சொன்னேன். மேடமும் அதைத் தள்ளிவிடவில்லை. சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்.

"அந்த மணி உங்ககிட்ட ஏதாவது சொல்லுதா?"

"இல்ல. அடிக்கும், நிக்கும், திரும்ப அடிக்கும்."

"எப்ப அடிக்குது? கடைசியா கேட்ட நேரம் எல்லாம் ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. என்ன செஞ்சுட்டு இருந்தீங்க?"

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மகளுக்குத் தலை தேய்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் தொடையை அமுக்கிப் பிடித்திருந்தேன். சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டேன். என் இரண்டு கைகளும் மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருந்தன, நெஞ்சை அழுத்தும்போது வைப்பதுபோல.

"சும்மா உட்கார்ந்திருக்கும்போது கேட்டிருக்குதா? பஸ்ஸுல? டிவி பார்க்கறப்ப?"

"இல்ல." கைகளைப் பார்த்தபடியே சொன்னேன். "ரெண்டு கையும் வேலையா இருந்தாத்தான் கேக்குது."

"அந்தப் பையனைப் பத்தி முன்னாடி ஒரே வரியில சொல்லிட்டுப் போயிட்டீங்க. இப்பச் சொல்றீங்களா?"

சொன்னேன். மேட்டில் ஏறும்போது வண்டி உறுமியது, துணிக்குள் தெரிந்த வெளிச்சம், அந்த எழுத்து, எடுக்க முடியாத கை. எடுத்திருந்தால் மட்டும் அந்தத் தாயிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று கேட்டேன். நான் அழுது முடிக்கும்வரை அவர் அறைக்கதவை யாரையும் திறக்க விடவில்லை.

பிறகு கேட்டேன். "அப்ப அம்மாவுக்கு வந்தது எனக்கு வராதுங்களா?"

"வரவே வராதுன்னு என்னால சொல்ல முடியாதுங்க. அம்மாவுக்கு இருக்கறதால மத்தவங்களைவிட உங்களுக்குக் கொஞ்சம் வாய்ப்பு ஜாஸ்தி. அத மறைச்சா நான் சரியான ஆள் இல்ல. ஆனா இன்னிக்கு உங்ககிட்ட நான் பார்க்கறது அது இல்ல. டாக்டர்கிட்டயும் பேசிட்டேன், அவருக்கும் அப்பிடித்தான் படுது. இது அந்த ஆக்சிடென்ட். இதுக்கு வழி இருக்குது. கொஞ்ச நாள் ஆகும், வாங்க."

நான் எதிர்பார்த்திருந்தது 'ஒன்றுமில்லை' என்ற ஒரு சொல்லை. அது கிடைக்கவில்லை. இருந்தாலும், மறைக்காமல் சொன்னதாலேயே மற்றதையும் நம்ப முடிந்தது.

அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீ போனைத் தேடித் தேடி ஓடறதப் பார்த்துட்டுத்தான் இருந்தேன்" என்றார். "எனக்கும் பயம். கேட்டா ஆமான்னு சொல்லிருவியோன்னுதான் கேக்கல."

மாமியாரிடம் சொல்லலாமா என்று நான் கேட்டதற்கு, அவரே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். என்ன சொன்னாரோ, அதற்குப் பிறகு மாமியார் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மகளின் முகத்தைப் பற்றிய பேச்சு குறைந்துவிட்டது.

பல மாதங்கள் மேடத்திடம் போய்வந்தேன். அந்த முற்பகலை மறுபடி மறுபடி சொல்ல வைத்தார். முதலில் அது சித்திரவதையாக இருந்தது, பிறகு சலித்தது. இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு பென்னாகரம் பக்கத்து வண்டிக்கு மாறினேன். அங்கே பிரசவங்களும் பாம்புக் கடியும்தான் அதிகம். மணி குறைந்தது, சில நாள் மறைந்தது, ஒரு மழைநாளில் திடீரென்று வந்தது, பிறகு நெடுநாள் வரவே இல்லை. வந்தாலும் போனைத் தேடி ஓடுவதில்லை. கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன்.

அம்மாவையும் ஒருமுறை கூட்டிவந்து காட்டினேன். மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றினார். மேடத்தின் அறையில் அம்மா, "எம்பொண்ணுக்கு வெச்ச பரீட்ச எனக்கு இல்லீங்களா?" என்று கேட்டாள். அவர், "உங்ககிட்ட நேராவே கேட்டுக்கறேங்க" என்றார். அவர்கள் உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "உனக்கு அது இல்லதான?" "இன்னிக்கு இல்லம்மா" என்றேன். அவள் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டதாகத்தான் தோன்றியது.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு மத்தியானம் என் மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று தலையைத் தூக்கி, "அம்மா, யாரோ என்னைக் கூப்பிடறாங்க" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். தெரு வெயிலில் வெறுமையாகக் கிடந்தது. திரும்பி வந்தேன். அவளைத் தூக்கி மடியில் இறுக்கிக்கொள்ள வேண்டும், கதவைச் சாத்த வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"எங்க இருந்து பாப்பா கூப்பிட்டாங்க?"

அவள் பின்பக்க ஜன்னலைக் காட்டினாள்.

"என்ன சொன்னாங்க?"

"எம் பேரச் சொன்னாங்க."

"தெரிஞ்ச குரலா?"

அவள் யோசித்தாள். "மாடி வூட்டு அக்காம்மா. வெளையாட வரச் சொல்லுது. நான் சோறு தின்னுட்டு வரேன்னு சொல்லு" என்றாள்.

எழுந்து ஜன்னலுக்குப் போனேன். மேல் மாடிக் கம்பியில் ஒரு சின்ன முகம் தெரிந்தது. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அந்த முகம் உள்ளே போகும்வரை ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டு, மகளுக்கு ரசம் ஊற்றப் போனேன்.